ஒரு மீட்டர் உயரத்தில்

— கருவி மாட்டுன கம்பத்தக் கொஞ்சம் கீழ இறக்கிடட்டுமா, நோரியேம்மா? ஒரு மீட்டர் உயரத்துல வச்சா கதிர்வீச்சு புள்ளி இருபத்தொண்ணுதான் காட்டுது.

— இறக்காதீங்க, வதாபே அண்ணே. அதையே எழுதிக்கோங்க.

— சொல்றதக் கேளுங்க. புள்ளி இருபத்துமூணத் தொட்டாத்தான் கதிர்வீச்சுப் பட்ட மேல்மண்ண அரசாங்கம் சுரண்டி எடுக்கும். இல்லேன்னா உங்க தோட்டத்த அப்படியே விட்டுட்டுப் போயிடுவோம்.

— விட்டுட்டுப் போங்க.

— நல்ல கூத்தா இருக்கே! பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரு, இன்னொரு தடவ பாரு, ஏறுதா பாருன்னு என்னைச் சோத்துருண்டையக்கூடப் பிரிக்க விடல.

— அவரு பேரிமரம் வைக்கணும்.

— வச்சு? ஃபுக்குஷிமா பேரிக்காய்னா இப்ப யாரு வாங்குறா? சரி, அத விடுங்க. சொல்றதக் கேளுங்க. குழந்தைங்க புழங்குற இடம்னா அம்பது சென்டிமீட்டர்ல வச்சுப் பாப்போம். அதுங்க உயரம் அவ்வளவுதானே? தரைக்குக் கிட்டப் போனா அளவு நிச்சயம் தாண்டிடும். வீட்டுல குழந்தை உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.

— வேணாம்.

— படியில சின்ன ரப்பர் பூட்ஸ் ஒண்ணு கழுவி வச்சிருக்கே?

— ஒண்ணுதான் கிடைச்சுது.

— கடல் ஏறுன இடம், என்னென்னவோ அடிச்சுட்டு வந்திருக்கும். போதாததுக்குக் காட்டுப்பன்னி வேற, தோட்டம் பூரா குழி பறிச்சு வச்சிருக்கு.

— பன்னி இல்ல. நான்தான். உள்ள வர அனுமதி குடுக்குற நாள்ல எல்லாம் வந்து தோண்டுவேன்.

— இந்த மண்ணயா? வெறுங்கையிலயா?

— கையுறை போட்டா ஒண்ணும் தட்டுப்படாது.

— உங்களுக்கென்ன பைத்தியமா?

— அள்ளுன மண்ண என்ன பண்ணுவீங்க, அண்ணே?

— கறுப்பு மூட்டையில கட்டி லாரியில ஏத்திக் கொண்டுபோய் அடுக்குவோம். ஆயிரக்கணக்குல கெடக்கு. அப்புறம் எது யாரு வீட்டு மண்ணுன்னு எங்களுக்கே தெரியாது.

— ம்.

— என்ன ம்? உங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன். கடைசியாச் சொல்லுங்க, குழந்தை உண்டா இல்லையா?

— உண்டு. கோஹரு. நாலு வயசு. கடல் வந்து இழுத்துட்டுப் போச்சு. மறுநாள் அணு உலை வெடிச்சதும் தேடிக்கிட்டிருந்த எங்க எல்லாரையும் வெளிய அனுப்பிட்டீங்க. அவ இன்னும் இந்த மண்ணுலதான் எங்கேயோ கெடக்கா. ஒரு மீட்டர்னே எழுதுங்க, அண்ணே.