பின்னால வர்ற வண்டி

இல்ல மச்சான், வண்டிய சைக்கிளோட சேக்கற இந்தப் பின்னை மாட்டினதோட விட்டுடக் கூடாது. கிளிப்பு போட்டு, ஒரு தடவ நல்லா இழுத்துப் பாக்கணும். அப்புறம் இந்தப் பட்டைய சைக்கிள் கம்பியில சுத்திக் கட்டணும். பின்னு கழண்டாலும் வண்டி தனியா ஓடிடாது பாருங்க.

ஆமா, முப்பது வருஷமா சைக்கிள்ல தபால் கொண்டு போறவரு நீங்க. உங்களுக்கே சொல்லித் தரானேன்னு நினைக்காதீங்க. தபால் பை முதுகோட ஒட்டிக்கிட்டு வரும். இது பின்னால வர்ற வண்டி, அதுக்குன்னு தனிப் புத்தி உண்டு. நான் தண்ணி கேன் இழுத்தே பழகினவன். கேன் கவுந்தா தண்ணி போகும், அவ்வளவுதான். இதுல உக்காரப் போறது உங்க தங்கச்சி.

மொதல்ல கேரியர்லதான் வச்சுக் கூட்டிட்டுப் போனேன். டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது அவ உடம்புல ஒண்ணுமே இருக்காது. ஒரு நாள் அப்படியே மயங்கிச் சரிஞ்சுட்டா. அன்னிக்கே வெல்டிங் கடைக்காரர் கால்ல விழாத குறையா நின்னு, கேன் வண்டிக்கு சாய்மானமும் பெல்ட்டும் வச்சு வாங்கினேன். வாரத்துக்கு மூணு நாள். வாடகை வண்டி நமக்குக் கட்டுபடியாகுமா, சொல்லுங்க.

அவள சக்கர அச்சுக்குக் கொஞ்சம் முன்னால உக்கார வைக்கணும். பின்னால தள்ளி உக்காந்தா வண்டி வால ஆட்டும். ரிப்போர்ட் பை, பாட்டில் எல்லாம் அவ காலடியில. ஹேண்டில்ல ஒண்ணும் மாட்டாதீங்க. போர்வை நுனிய உள்ள சொருகிடுங்க, சக்கரத்துல சிக்கும். திரும்பும்போது அகலமா எடுங்க. இறக்கம் வர்றதுக்கு முன்னாடியே மெதுவாக்கிடணும், நடுவுல பிரேக் பிடிச்சா அது நம்மளத் தள்ளும். வழியெல்லாம் பேசிட்டே வருவா. பேச்சு நின்னா உடனே இறங்கிப் பாருங்க.

பன்னெண்டு வருஷமா எங்க வீட்டுப் படி ஏறாதவரு நீங்க. வாசல்ல உங்க குரல் கேட்டதும் எந்திரிச்சுத் தல வாரிட்டு உக்காந்திருக்கா. எம்மேல இருக்கற கோவத்த எம்மேலயே வச்சுக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல.

அவ முழங்கைல இருக்கற காயமா? அது வெள்ளிக்கிழம. வண்டி குழியில இறங்கிக் கவுந்துடுச்சு. பின்னு சரியில்லன்னு அவளே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கா. நானும் ஆமான்னுட்டுப் புதுசு வாங்கி மாட்டினேன். பழசுக்கு ஒண்ணும் ஆகல மச்சான். பட்டப்பகல். நடு ரோட்டுல, ஒரு ஆள் இறங்கி உக்காரற அளவுக்குக் குழி. அத்தன பேரும் ஒதுங்கித்தான் போயிருக்காங்க.

முதுகு வலி, இனி நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்னு போன்ல சொன்னேன்ல, வலி பொய்தான். ஆறு மாசமா கண்ணு. இடது போயிடுச்சு, வலது போயிட்டிருக்கு. ஆபரேஷன் பண்ணாலும் போனது வராதுன்னுட்டார் டாக்டர். அவகிட்ட சொல்லல. தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னுடுவா. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அவ முறை.

மச்சான்? தலைய ஆட்டியிருந்தீங்கன்னா எனக்குத் தெரியாது. வாயத் திறந்து சொல்லிடுங்க.