ஓடும் பெட்டியின் கைப்பிடியை நான் இழுத்தது பற்றி

என் பெயர் குப்பண்ணன். அப்பா பெயர் நாச்சிமுத்து. வயது அறுபத்தேழு. சித்தூர் தாலுகா கோழிப்பாறைக்குப் பக்கம் மேட்டுக்களத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். தோட்டத்தை மகன் பார்க்கிறான். நான் நான்கு வருடமாக அப்பாஸ் ராவுத்தர் முதலாளியின் பெட்டிப் பட்டறையில் வேலை செய்கிறேன். இந்தப் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டருக்கு மலையாளம்தான் எழுத வரும். நான் போன வருடம் வாசகசாலையில் தமிழ் எழுத்துப் படித்தவன். அதனால் எஸ்.ஐ. அவர்களிடம் கேட்டுக் காகிதமும் பேனாவும் வாங்கி, என் சொந்தக் கையால் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும் என்று சொன்னேன். பரவாயில்லை, உட்கார்ந்து எழுது என்றார்கள். இன்று 13-2-1978, திங்கட்கிழமை.

என் மேல் உள்ள புகார் இது. சனிக்கிழமை நகரத்து அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஓடிய பெட்டியை வேண்டுமென்றே நிறுத்தி, அதன் படியைச் சுத்தியலால் அடித்து உடைத்து, பட்டறைக்கு வர இருந்த ஆர்டரைக் கெடுத்தேன் என்பது. புகார் கொடுத்தவர் எங்கள் இன்ஜினீயர் சுகுமாரன். நிறுத்தியது உண்மை. அடித்ததும் உண்மை. கெடுக்கச் செய்தேன் என்பது உண்மை இல்லை.

எங்கள் பட்டறையில் செய்கிற பெட்டி, நகரத்துக்குள்ளே கம்பியில் வரும் கரண்டில் ஓடுகிற பெட்டி. பெரிய ரயிலைவிட எடை குறைவு. சக்கரமும் மோட்டாரும் அடியில் இருப்பதால் அதன் தரை உயரம். கீழே நின்று பார்த்தால் என் இடுப்புக்கு மேல் ஒரு சாண் இருக்கும். ஸ்டேஷனில் நிற்கும்போது நடைமேடையும் பெட்டித் தரையும் ஒரே மட்டமாக இருக்கும், அப்படியே உள்ளே நடந்து போகலாம். ஆனால் அதே பெட்டி தெருவிலும் ஓடி, தெருவிலும் ஆள் ஏற்ற வேண்டும். அதற்காக இன்ஜினீயர் மடக்குப் படி ஒன்று செய்தார். பட்டனை அமுக்கினால் காற்றின் பலத்தில் படி மேலே எழுந்து தரையோடு தரையாக நிற்கும். மறுபடி அமுக்கினால் கீழே இறங்கிப் படியாகும். இரண்டு வருடம் அவர் இதற்காகச் சோறு தண்ணீர் பார்க்காமல் உழைத்தார். அதை நான் கண்ணால் கண்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

அதன் பிறகு படியைச் சோதித்தோம். மணல் மூட்டையை வைத்து ஆயிரம் தடவை ஏற்றி இறக்கினோம். மூட்டை தூக்கி வைத்தவன் நான். பட்டறை ஆட்களும் கால்சட்டை போட்டுக்கொண்டு ஏறி இறங்கினார்கள். ஒரு தடவைகூடத் தப்பு நடக்கவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நகரத்திலிருந்து அதிகாரிகள் ஐந்து பேர் வந்தார்கள். எங்கள் வளாகத்தில் தண்டவாளம் இரண்டு பர்லாங்கு இருக்கிறது. அதன் பக்கத்துக் கம்பத்தில் கரண்டை நிறுத்தும் மெயின் கைப்பிடி இருக்கிறது. அதை இழுத்தால் பெட்டியும் நிற்கும், படியும் அப்படியே நிற்கும். நான் அதன் பக்கம் நிற்க வேண்டும், இன்ஜினீயர் கை காட்டினால் மட்டும் இழுக்க வேண்டும் என்பது உத்தரவு. பெட்டிக்கு உள்ளே ஜனம் வேண்டும் என்று முதலாளி சொன்னதால், பக்கத்துத் தோட்டத்தில் கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பதினொரு பேரை நான் கூட்டி வந்திருந்தேன். பட்டறையைப் பெருக்குகிற மயிலாத்தாளோடு பன்னிரண்டு பேர்.

அதிகாரிகள் முதலில் ஏறினார்கள். மயிலாத்தாள் தலையில் கூடையோடு கடைசியாக ஏறினாள். ஏறும்போது என்னைப் பார்த்து, "ஏனுங்க மாமா, பெட்டியில ஏறச் சொன்னீங்களா, பரண் மேல ஏறச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி ஒருவரும் சிரித்தார்.

அதன் பிறகு இன்ஜினீயர் உள்ளேயிருந்து பட்டனை அமுக்கினார். படி எழுந்தது. படிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் சந்து உண்டு. மயிலாத்தாள் சேலையின் ஓரம் அந்தச் சந்தில் சிக்கிப் படியோடு உள்ளே போனது. கூடை தலையில் இருந்ததால் அவளால் குனிந்து பார்க்க முடியவில்லை. "ஆருடி எஞ்சேலைய முதிக்கறது? காலை எடுங்கடி!" என்று பின்னால் இருந்தவர்களைத் திட்டினாள். எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததில் அது இன்ஜினீயர் காதில் விழவில்லை. பெட்டி நகர்ந்தது. அவள் இடுப்பு வாசல் பக்கம் இழுபடுவதை நான் பார்த்தேன். இன்ஜினீயர் கை காட்டவில்லை. நான் கைப்பிடியை இழுத்தேன்.

பெட்டி படக்கென்று நின்றது. அதிகாரிகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது படி பாதியில் இறுகிக் கிடந்தது. சுத்தியலை எடுத்துக் கீலில் இருந்த ஆணியை மூன்று அடி அடித்துக் கழற்றினேன். படி கழன்று விழுந்து வளைந்தது. சேலை ஒரு முழம் கிழிந்து வந்தது. மயிலாத்தாளுக்குக் குதிகாலில் சிராய்ப்பு தவிர வேறு காயம் இல்லை. அத்தனை ஆண்கள் முன்னால் சேலை கிழிந்து நின்ற வெட்கத்தில் கூடையை எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போனாள்.

இன்ஜினீயர் இறங்கி வந்தபோது அவள் இல்லை. சேலை சிக்கியதை உள்ளே இருந்த மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. சுத்தியலோடு நான்தான் இருந்தேன். படியில் சேலை சிக்கியது என்று நான் சொன்னதற்கு அவர், "ஆயிரம் தடவை பார்த்த படி, இன்னைக்கு மட்டும் சேலையைப் பிடிக்குமா?" என்றார். முதலாளி, "குப்பண்ணே, திங்கக்கிழமை ரயிலுக்கு அவங்க போயிருவாங்க. அதோட நம்ம பெட்டி கதை முடிஞ்சுது," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அது எனக்குப் புகாரைவிட வலித்தது. அதன் பிறகு போலீஸ் வந்து வளைந்த படியையும் சுத்தியலையும் தொண்டியாக, அதாவது வழக்குக்குச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி என்னை விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மயிலாத்தாள் வீட்டுக்குப் போனேன். வந்து ஒரு வார்த்தை சொல்லு அம்மிணி என்றேன். "ஏனுங்க மாமா, நேத்துப் போன மானம் போதாதுன்னா மறுக்காக் கூப்படறீங்க?" என்று கதவைச் சாத்தினாள். சரி, நீ வர வேண்டாம், அந்தச் சேலையை மட்டும் கொடு என்று வெளியிலிருந்தே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துச் சன்னல் வழியாகச் சேலை வந்து விழுந்தது.

அதன் பிறகு சேலையை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். கிழிந்த ஓரத்தில் கிரீஸ் கறையோடு வரிசையாக ஏழு ஓட்டை இருந்தது. முதலாளி என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போய், பெட்டியின் மறுபக்க வாசலில் இருந்த அதே மாதிரிப் படியின் கீலில் சேலையை வைத்துப் பார்த்தார். கீலில் ஏழு பல். ஓட்டையும் பல்லும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தியது. முதலாளி இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். அதன் பிறகு இன்ஜினீயரைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் இன்ஜினீயர் வேட்டியில் வந்தார். சேலையைப் பார்த்தும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நானே நிற்கிறேன், பட்டனை அமுக்குங்க," என்று சொல்லிப் படி ஓரத்தில் ஏறி நின்றார். முதலாளி அமுக்கினார். படி எழுந்தது. வேட்டி ஓரம் சந்துக்குள் போனது. இன்ஜினீயர் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, நிர்த்து! குப்பண்ணா, நிர்த்து!" என்று கத்தினார். நான் அதற்கு முன்பே கம்பத்துப் பக்கம் போய் நின்றிருந்தேன். கைப்பிடியை இழுத்தேன். முதலாளி தரையில் உட்கார்ந்து சிரித்தார். கொஞ்ச நேரத்தில் இன்ஜினீயரும் சிரித்தார். அதன் பிறகு சிரிப்பை நிறுத்தி, "சேலை கட்டின ஒருத்தரைக்கூட நான் ஏற்றிப் பார்க்கலையே," என்று சொல்லி அந்தச் சந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

அதன் பிறகு மூன்று பேரும் வேலையில் இறங்கினோம். லாரி மட்கார்டில் தொங்குகிற ரப்பரை வெட்டி இரண்டு பக்கச் சந்தையும் அடைக்கலாம் என்று நான் சொன்னேன். எது சிக்கினாலும் காற்று தானாகக் கழன்று படி நின்றுபோகும்படி இன்ஜினீயர் ஒரு வால்வு வைத்தார். சாயங்காலம் மயிலாத்தாள் யாரும் கூப்பிடாமல் வந்து வாசலில் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தலையில சொமை இருந்தா படி எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியாதுங்க, காலுக்குத்தான் தெரியோணும்," என்றாள். இன்ஜினீயர் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, படியின் நுனியில் கால் உணரும்படி ஒரு மேட்டுக் கம்பி வைத்தார்.

இன்று காலை எட்டு மணிக்கு முதலாளி விடுதிக்குக் காரோடு போய், ரயிலுக்குக் கிளம்பிய அதிகாரிகளைப் பட்டறைக்குக் கூட்டி வந்தார். பன்னிரண்டு பெண்களும் வந்தார்கள். கூடையோடும், இடுப்பில் குடத்தோடும், சேலையை வேண்டுமென்றே தாழ விட்டும், நாற்பது தடவை ஏறி இறங்கினார்கள். ஒரு நூல்கூடச் சிக்கவில்லை. மயிலாத்தாள் ரப்பரை விலக்கி முந்தானையைக் கையால் சந்தில் திணித்துப் பார்த்தாள். படி நின்றுவிட்டது. "பாருங்க, இப்பக் கடிக்க மாட்டேங்குது!" என்று அதிகாரிகளைப் பார்த்துக் கத்தினாள். பெரிய அதிகாரி, இதுவரை எட்டுப் பட்டறைப் பெட்டிகளைப் பார்த்ததாகவும், எங்கேயும் யாரும் சேலையை வைத்துச் சோதித்துக் காட்டவில்லை என்றும் சொல்லி, மாதிரிக்கு ஆறு பெட்டி செய்யச் சொல்லிப் பட்டறையிலேயே கையெழுத்துப் போட்டார். முதலாளி என்னைக் கட்டிப் பிடித்தார். அவர் சட்டை முழுக்க என் கை கிரீஸ் ஆனது.

அதன் பிறகு இன்ஜினீயர் புகாரைத் திரும்ப வாங்க என்னோடு இந்த ஸ்டேஷனுக்கு வந்தார். படியை உடைத்த சேதத்துக்கு என்ன சொல்கிறீர்கள் என்று எஸ்.ஐ. அவர்கள் கேட்டதற்கு அவர், "சேதமானது ஒரு சேலை சார். அதுக்கு நான் புதுசு வாங்கிக் கொடுத்தாச்சு," என்றார். ஆனாலும் தொண்டி எடுத்த வழக்கு என்பதால் என் வாக்குமூலம் இல்லாமல் முடிக்க முடியாது என்றார்கள். உத்தரவை மீறிக் கைப்பிடியை இழுத்தாயா என்று என்னைக் கேட்டார்கள். இழுத்தேன். சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை. நாளைக்கு அப்படி நடந்தாலும் யார் கையையும் பார்க்காமல் இழுப்பேன்.

பன்னிரண்டு பெண்களும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார்கள். என்னை விட்டால்தான் போவோம் என்கிறார்கள். மயிலாத்தாள் சன்னல் வழியாக, "மாமா, இன்னும் எத்தனை பக்கமுங்க? பொழுது சாயுது!" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். ரைட்டரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். எழுத எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது, ஆனாலும் நிறுத்துகிறேன்.

இதில் உள்ளது எல்லாம் நான் கண்டதும் செய்ததும். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை, யாருக்கும் பயந்து எழுதவில்லை. எழுதியதை முதலிலிருந்து நானே சத்தமாக வாசித்தேன், எஸ்.ஐ. அவர்களும் வாசலில் நின்றவர்களும் கேட்டார்கள். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
நா. குப்பண்ணன்