சூளகிரி இறக்கத்தில் பிரேக் சோதனை

—கையெழுத்துப் போடாதீங்க சாமி. பேனாவை மூடி வைங்க.

—ஏம்மா, நீ யாரு? அரசாங்கச் சோலி நடந்துக்கிட்டிருக்கு, நடுவுல வந்து பேனாவை மூடு, பெட்டியை மூடுன்னு… பாஷா, யாருவே இந்தப் பொம்பள?

—அதாவது சார், இவங்க சாந்தம்மா. இந்த மோட்டார் சைக்கிளை ஓட்டினானே ராமப்பன், அவன் சம்சாரம். ஓசூர்ல இருந்து முதல் பஸ்ஸுல வந்திருக்காங்க. அக்கா, நீ அந்தாண்ட புளியமரத்து நிழல்ல உக்காருக்கா. பிரேக் இன்ஸ்பெக்டர் ஐயா வேலையை முடிச்சுக்கட்டும்.

—நிழல்ல உக்கார நான் வரல பாஷா. அந்தக் காயிதத்துல என்னா எழுதி இருக்குதுன்னு கேக்க வந்தன். பிரேக் இன்ஸ்பெக்டர்னா பிரேக்கைப் பாத்துத்தானே எழுதணும்? சாமி எதைப் பாத்து எழுதுனீங்க?

—எதைப் பாக்கணுமோ அதைப் பாத்துத்தான் எழுதினேன். படிச்சே காட்டுதேன், கேட்டியா. ‘சூளகிரி இறக்கத்தில் மாட்டு வண்டி மீது மோதி, கரியப்பன் என்ற முதியவர் இறந்த விபத்து. முன் மட்கார்டு வளைந்துள்ளது. ஹெட்லைட் கண்ணாடி உடைந்துள்ளது. பிரேக் வேலை செய்கிறது. விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல.’ அம்புட்டுதான்.

—இயந்திரக் கோளாறு இல்லன்னா?

—ஓட்டினவன் கோளாறுன்னு அர்த்தம்.

—அப்ப திங்கக்கெழமை கிருஷ்ணகிரி கோர்ட்டுல இதைப் படிச்சதும் எம் புருசனை உள்ள தள்ளிருவாங்க.

—அது மாஜிஸ்ட்ரேட்டு பாடு. ரெண்டு வருஷம் வரைக்கும் போடலாம். நான் என்ன செய்ய? ஒரு உசுரு போயிருக்கு.

—போனது உசுருதான், இல்லங்கல. கரியப்பன் ஊட்டுக்கு நானே போயி அழுதுட்டு வந்தன். ஆனா எம் புருசன் பிரேக்கை மிதிச்சான் சாமி. மிதிச்சது அப்படியே உள்ள போயிருச்சாம், திரும்பி மேல வரலியாம். சப்-ஜெயில் கம்பி வழியா எங்கிட்ட சொன்னான்.

—உள்ள போற எல்லாவனும் அதத்தான் சொல்லுவான். நான் வண்டியைத் தள்ளிக்கிட்டே பெடலை மிதிச்சுப் பாத்தேன். நின்னுச்சு.

—எருமை நடக்கற வேகத்துல தள்ளுனா எதுதான் நிக்காது? சக்கரத்தைக் கழட்டி உள்ள பாத்தீங்களா?

—பாஷா, அந்த ஆக்ஸில் நட்டு என்னாச்சுவே?

—அதாவது சார், விழுந்த வேகத்துல மரை மழுங்கிப் போச்சு. பெரிய ஸ்பானர் வேணும். அது கடையில இருக்கு. ஓசூர் போயி எடுத்துட்டு வர சாயங்காலம் ஆயிடும். உங்களுக்கு சேலம் பஸ்ஸு போயிடும் சார்.

—வண்டியைக் கழட்டிக் காட்டறதுக்குத்தான் ஏட்டையா மெக்கானிக்குன்னு இவனுக்கு ஆளனுப்புனாரு. பொங்க வெக்கறதுக்கு வந்தவ பானையை மறந்துட்டேன்னு சொல்ற மாதிரி இருக்குது. ஏன் பாஷா, என் மூஞ்சியைப் பாத்து சொல்லேன்.

—ஏம்மா, நீ அவன்கிட்ட மல்லுக்கு நிக்காதே. எங்கிட்டப் பேசு.

—சரிங்க சாமி. மாசாமாசம் வண்டிங்களைச் சோதிக்கற காம்ப்ல பாஸு, பெயிலு எழுதற பெரிய நோட்டு கொண்டாந்திருக்கீங்களே, அதுல ஒட்டகத்தை எல்லாம் படிங்க.

—ஒட்டகமா?

—அதாவது சார், இந்த மாடலை எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். டேங்கு திமில் மாதிரி துருத்திக்கிட்டு இருக்கில்ல. பெங்களூர்ல பட்டாளத்துக்காரங்க ஏலம் விட்ட வண்டிங்க. மைசூர் நம்பரோட வரும். நம்ம ஜில்லா நம்பர் வாங்கணும்னா உங்க காம்ப்ல காட்டி…

—எனக்கே பாடம் எடுக்கியா? சரி, கேட்டுக்கோம்மா. பிப்ரவரி மாசம், ஓசூர் டிராவலர்ஸ் பங்களா. இந்த மாடல்ல பன்னெண்டு வண்டி வந்திருக்கு. ஒண்ணு பாஸ், பதினொண்ணு பெயில். பின் பிரேக்குல எட்டு. முன் சக்கரத்தைத் தாங்குத போர்க்குல ஆட்டம், ரெண்டு. லைட்டு எரியலைன்னு ஒண்ணு. இந்த வண்டிக்குப் பொறந்த சீக்கே பின் பிரேக்குதான். செயின் எண்ணெய் டிரம்முக்குள்ள இறங்கிடும். சக்கரத்தை உரசி நிறுத்துத லைனிங் தேஞ்சு போச்சுன்னா, அதை விரிக்கிற கேம் மல்லாந்துக்கிடும், மிதிச்ச பெடல் மேல வராது. முன் பிரேக்கு பேருக்குத்தான் இருக்கு. ஒண்ணொண்ணா எழுதித்தான் வச்சிருக்கேன், பாரு.

—மிதிச்சது மேல வராதுன்னு இப்ப நீங்களே சொன்னீங்க.

—அது பெயிலான வண்டிக்குச் சொன்னேன். இது பாஸான வண்டி.

—இதுவும் அந்த எட்டுல ஒண்ணுதான் சாமி. அடுத்த மாசத்துக்குப் படிங்க.

—மார்ச் மாசம்… பதினொண்ணு வந்திருக்கு. பதினொண்ணும் பாஸ்.

—ஒரே மாசத்துல அந்த எட்டு ஒட்டகத்துக்கும் பிரேக்கு சீக்கு தீந்துருச்சா? எந்த மாரியாத்தா வந்து திருநீறு பூசுனா?

—ரிப்பேர் பாத்திருப்பாங்க. அதுக்குத்தானே ஒரு மாசம் தவணை கொடுக்கது.

—ரிப்பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க காம்ப் அன்னிக்கு பங்களா பின்னால மோர் விக்கறவ நான். கண்ணால பாத்தன். வேலிக்கு அந்தாண்ட இந்த பாஷா சாக்கை விரிச்சு உக்காந்திருந்தான். புது லைனிங் போட்ட பின் சக்கரம் ஒண்ணு வெச்சிருந்தான். ஒரு வண்டிக்கு அதை மாட்டி உங்ககிட்ட அனுப்புவான். அது பாஸாயி வந்ததும் கழட்டுவான், பழைய சக்கரத்தைப் போட்டுருவான். புதுசு அடுத்த வண்டிக்குப் போவும். இரவல் நகையைப் போட்டுக்கிட்டு பொண்ணு பாக்க நிக்கற மாதிரி வரிசையா நின்னானுங்க. அதுக்கு ‘காம்ப் சக்கரம்’னு பேரே வெச்சிருக்கானுங்க சாமி.

—பாஷா. இது நெசமாவே?

—அதாவது சார்… புருஷன் உள்ள இருக்கான், மனசு கலங்கி ஏதோ பேசறாங்க…

—அல்லா மேல சத்தியம் பண்ணு பாஷா. அப்படி ஒண்ணும் நடக்கலன்னு சொல்லு. நான் இந்தக் காலோட ஓசூருக்கு நடந்தே போயிடறன்.

—ஏன்க்கா அதையெல்லாம் இழுக்கற? எனக்கும் மூணு பொண்ணுங்க இருக்குது. கடையை இழுத்து மூடிட்டா நான் எங்க போவேன்? இல்லன்னுதானே சொல்றேன். சார், இல்ல சார்.

—அவன் இல்லங்கான், நீ ஆமாங்கே. உனக்குச் சாட்சி உண்டா?

—அந்த எட்டு வண்டிக்காரனும் சாட்சிதான். எவன் வாயைத் தொறப்பான்? தொறந்தா அவன் வண்டி நின்னுரும். எம் புருசன் ஒருத்தன்தான் தொறந்தான். வண்டிக்குச் சொந்தக்காரரு, மாங்கா மண்டி முதலாளி கோவிந்தப்பன்கிட்டப் போயி, ‘பெங்களூர் மாங்கா விலைச் சீட்டு பொழுது விடியறப்ப கிருஷ்ணகிரியில இருக்கணும்னு வெரட்டறீங்க, பிரேக்கு இல்லாம இறக்கத்துல எப்பிடிங்க எறங்கறது’ன்னு கேட்டான். முதலாளி என்னா காட்டுனாரு தெரியுமா? உங்க காயிதத்தை. ‘இன்ஸ்பெக்டரே முத்திரை குத்திட்டாரு, நீ அவருக்கு மேல பெரிய ஆளா’ன்னாரு.

—என் முத்திரையை இழுக்காதே! இருபத்தி மூணு வருஷ சர்வீசு. திருநெல்வேலியில இருந்து இந்த மைசூர் எல்லை வரைக்கும் எத்தனை ஊரு மாத்தினாங்க, ஒருத்தன்கிட்ட ஒரு வாழைப்பழம் வாங்கினதில்ல, கேட்டியா?

—தெரியுங்க சாமி. என் மோருக்கே காசு குடுத்துட்டுத்தான் குடிச்சீங்க. அதனாலதான் மறிச்சிக்கிட்டு நிக்கறன். கை நீட்டற ஆளா இருந்திருந்தா, விதின்னு அழுதுட்டு ஊட்டுலயே கெடந்திருப்பன்.

—பெரிய இம்சையால்ல இருக்கு. இப்ப என்னை என்னதான் செய்யச் சொல்லுதே?

—ஓட்டுங்க.

—என்னது?

—வண்டியை ஓட்டிப் பாத்து எழுதுங்க. பெட்ரோல் இருக்குது. இஞ்சினும் ஓடுது, காலையில பாஷாவே உதைச்சுப் பாத்தான். இதோ இறக்கம். இங்க இருந்து கீழ மதகு வரைக்கும் போங்க. பாதியில பிரேக்கை மிதிச்சு நிறுத்திக் காட்டுங்க. நின்னுச்சுன்னா, எம் புருசன்தான் கொன்னான்னு நானே அந்தக் காயிதத்துல கைநாட்டு வெக்கறன்.

—வேணாம் சார். இவங்க பேச்சைக் கேட்டு நீங்க போயி… போர்க் வேற வளைஞ்ச மாதிரி இருக்கு.

—மட்கார்டு மட்டுந்தான் வளைஞ்சிருக்கு, போர்க் நேராத்தான் இருக்குன்னு நீதானேவே சொன்னே? அப்படியே எழுதியாச்சு. இப்ப மாத்திச் சொல்லுதே.

—இல்ல சார், உங்க வயசுக்கு…

—என் வயசுக்கு என்னவே? இந்த மாடலை நீ பாக்கும் முன்னாடியே நான் ஓட்டியிருக்கேன். தள்ளு அந்தாண்ட. பிரேக் வேலை செய்யுதுன்னு எழுதினவன், அதுல ஏறப் பயந்துட்டான்னு இவ ஓசூர் பூரா மோரோட சேத்து விப்பா.

—இருங்க சாமி. நானும் பின்னால உக்காரறன்.

—உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?

—ஏன் சாமி? பிரேக்குதான் நல்லா இருக்குதுன்னு எழுதிட்டீங்களே. உங்க எழுத்தை நம்பித்தான் எம் புருசனை ஏத்துனாங்க. நானும் நம்பறன்.

—இறங்கும்மா.

—இறங்க மாட்டன். அந்தக் காயிதத்தைக் கிழிங்க, இறங்கறன்.

—கிழிக்க முடியாது. நான் பாத்ததைத்தான் எழுதினேன். சரி, இருந்து தொலை. சேலையை நல்லாச் சொருகிக்கோ, செயின்ல மாட்டும். கம்பியைப் பிடி.

—அக்கா, வேணாம்க்கா. உன் புள்ளைங்களை நெனச்சுப் பாரு.

—அதுங்களை நெனச்சுத்தான் ஏறி உக்காந்திருக்கன். நீ என்னாத்துக்குடா நடுங்கற? நீதானே சொன்ன, வண்டியில ஒண்ணும் இல்லன்னு?

—சார், முதல் கியர்லயே மெதுவா…

—எனக்குத் தெரியும்வே. ஹேண்டிலை விடு. கையை எடுங்கேன்ல! ஏம்மா, பிடிச்சுக்கிட்டியா?

—பிடிச்சிக்கிட்டன். விடுங்க சாமி, போவலாம்.

—சார்! இஞ்சினை அணைங்க சார், கால் ஊனுங்க! அக்கா, குதிச்சிருக்கா! அந்தச் சக்கரத்துக்குள்ள லைனிங்கே கெடையாது… காம்ப் அன்னிக்கு நான்தான் மாத்தினேன். எழுதுங்க சார், மெஹபூப் பாஷான்னு என் பேரைப் போட்டே எழுதுங்க!