கலியாண அல்பத்தில் ஒரு படம்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மச்சாள், உங்கட கலியாண அல்பத்தில என்ட மகள் நிக்காளா?” என்று மூத்தவர் கேட்டார்.

“ஏன் கேக்கிறீங்க?”

“அவள் விமானப் பொறியியல் படிச்ச லண்டன் கெம்பஸ்ல, நல்லா முன்னுக்கு வந்த பழைய மாணவருக்கு விருது குடுக்காங்களாம். இவளுக்கும் இருக்கு. சின்ன வயசுப் படம் ஒண்டு கேட்டிருக்காங்க. எங்கட படமெல்லாம் மாங்கேணி வீட்டோட சுனாமியில போயிற்றுதே.”

இளையவர் சற்றுத் தயங்கினார்.

“ஒரு படத்தில நிக்காள். ஆனா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுறாள். படம் எடுக்கக்குள்ள மேலால குண்டு போடுற பொம்மர் பிளேன் போனது.”

மூத்தவர் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வாவியிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

“அதைத் தாங்க மச்சாள். அழுதாலும் பிள்ளையின்ட முகம் தெரியும்தானே.”