ஹுவாய் மரத்து வழிப்பலகை

அய்யய்யோ, படிய மிதிக்காதம்மா! தாண்டி வை கால... இல்ல இல்ல, தாண்டவும் வேணாம். அங்கயே நில்லு. இது லாட்ஜ் இல்ல. என் வீடு.

தெரியும், தெரியும். நம்பர் பதினொண்ணுன்னுதான் போட்டிருக்கும். அது முன்சந்து பதினொண்ணு. இது பின்சந்து பதினொண்ணு. உன் போனுக்கு என்னம்மா தெரியும், இந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சா அது எல்லாத்தையும் ஒண்ணாத்தான் காட்டும்.

எந்த ஊரு நீ? குவாங்சோவா? அதான் இந்த மெல்லிசு கோட்டு. பீஜிங் குளிருக்கு இது எந்த மூலைக்கு? வா, வந்து அடுப்புகிட்ட கைய காட்டு. பெட்டி வெளியவே கெடக்கட்டும், எவனும் தூக்க மாட்டான்.

கோவமா? கோவமில்ல கண்ணு, அலுப்பு. போன வாரம் ஒரு புருஷன் பொண்டாட்டி. நான் அடுப்படில இருக்கேன். வந்து பாத்தா என் கட்டில்ல உக்காந்து பூட்ஸக் கழட்டிட்டு இருக்காங்க. அறை ரொம்பச் சின்னதா இருக்கேன்னு என்கிட்டயே குறை வேற. அதுக்கு முந்தி ஒரு தாடிக்காரன். குளிருக்குன்னு நான் சுவரோரம் அடுக்கி வெச்ச கோசை அரை மணி நேரம் போட்டோ எடுத்தான். அலங்காரத்துக்கு வெச்சிருக்கேன்னு நெனச்சானாம். கோசும்மா, கோசு! திங்கற கோசு!

மணி என்ன உன் போன்ல? பதினொண்ணு இருபதா? குவான்யின் தாயே. கெளம்பு கெளம்பு. நானே வரேன். இந்தத் தூக்கை மட்டும் துணியில சுத்திக்கறேன். கஞ்சி. இன்னைக்குப் பன்னெண்டாம் மாசத்து எட்டாம் நாளில்ல? உங்க பக்கம் அவ்வளவா இல்லையோ என்னமோ. எங்களுக்கு இன்னைக்கு எட்டுத் தானியம் போட்டுக் கஞ்சி வெச்சு, சாமிக்குக் காட்டி, சொந்தபந்தத்துக்குக் குடுத்தனுப்பணும். உச்சிப்பொழுதுக்குள்ள போய்ச் சேரணும். தாண்டிப் போனா குடுக்காத மாதிரிதான். போன வருசம் அப்படித்தான் ஆச்சு. தூக்கோட திரும்பி வந்து நானே மூணு நாள் தின்னேன்.

கஞ்சிய எறக்கி வெச்சதுலேருந்து வாசலயே பாத்துட்டு உக்காந்திருக்கேன். மத்த நாள் மூணு பேரு நாலு பேருன்னு வழி தப்பி வந்து உயிர எடுப்பாங்க. இன்னைக்குன்னு பாத்து ஒரு ஈ காக்கா வரல. நீ வந்த.

பெட்டியத் தூக்கிக்கோயேன், உருட்டாத. அந்தச் சக்கரம் போடற சத்தத்துல செவுரு பேந்து விழும். கனமா? அப்படி என்னத்தம்மா அடைச்சிருக்க, ரெண்டு நாள் தங்க? சரி உருட்டு. விதி.

என்ன தோவ் கிழவா, பல்லக் காட்டற? உன் குதிரையக் காப்பாத்திக்க மொதல்ல, பக்கத்துல யானை நிக்குது பாரு. அவரு கெடக்கறாரு, நீ நட. குளிர்னாலும் மழைன்னாலும் அந்த சதுரங்கப் பலகைய விட்டு எந்திரிக்காத ஜென்மம். என்ன சொன்னாரா? இன்னைக்கும் ஒண்ணு சிக்கிச்சான்னு கேட்டாரு. கிழவனுக்கு வேற வேல இல்ல.

எந்த அறை உனக்கு? வடக்கு அறையா.

ம்.

நல்ல அறைதான். முத்தத்துக்கு வடக்க இருக்கு, தெக்கப் பாத்த சன்னல். பொழுது சாயற வரைக்கும் வெயில் கட்டில் மேல விழும். வெல ஜாஸ்தியாமே? இருக்காதா பின்ன. அது வீட்டுப் பெரியவங்களுக்குன்னு இருக்கற அறைம்மா. பிள்ளைங்க கெழக்கயும் மேக்கயும். வடக்கு அறை அம்மா அப்பாவுக்கு. இங்க பொறந்த நாய்க்குட்டிக்குக்கூட அது தெரியும். என் பொண்ணுக்குத்தான் தெரியல.

ஆமா, என் பொண்ணுதான். ரூயூன். அந்த லாட்ஜ நடத்தறவ. கண்ணாடி போட்டுட்டு, கொஞ்சம் வெடுக்குனு பேசுவா. மனசுல ஒண்ணும் இல்ல.

அவங்கப்பா போனதும் சொன்னா, அம்மா, நீ மேக்கால இருந்துக்க, வடக்கறைய வாடகைக்கு விடலாம், அதுக்குத்தான் கிராக்கின்னு. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லலன்னா, கொஞ்சம் சொன்னேன். சரி, நெறையவே சொன்னேன். மொதல் மொதல்ல வந்த விருந்தாளி முன்னாலயே சொன்னேன். உங்க வீட்ல கட்டில் இல்லையா, என் கட்டில்தான் கெடைச்சுதான்னு கேட்டுட்டேன். அவங்க பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. போனவங்க சும்மா போனாங்களா? இந்த வீட்டுல ஒரு கெழவி கத்தறான்னு போன்ல எழுதிப் போட்டுட்டாங்க. ஊரே படிச்சுது. ரூயூன் அதை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிப் படிச்சுக் காட்டினா. சிரிக்காத. நீயும் படிச்சியா? படிச்சிட்டும் வந்திருக்கியே, தைரியந்தான் உனக்கு.

நான் ரஜாயச் சுருட்டினேன். குவான்யின் அம்மா படத்த எடுத்துக்கிட்டேன். வாசல்ல நின்னு சாமி மேல சொன்னேன், நீ வந்து கூப்பிடாம இந்தப் படிய நான் தாண்ட மாட்டேன்னு. பின்சந்துக்குக் குடிவந்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு. சாமி முன்னால வாய விட்டுட்டு அப்புறம் முழுங்க முடியுமா? வீம்புல விட்ட வார்த்தைதான், ஆனா விட்டாச்சே. அவளும் வரல. அவ வீம்பு எங்கேருந்து வந்ததுன்னு நான் யாரப் போய்க் கேக்க?

என் தையல் மெஷின் மேல பூச்சாடி வெச்சிருக்காளாம். போட்டோவுல நல்லா இருக்காம். அந்த மெஷின்லதான் அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சட்டையெல்லாம் தெச்சேன். பூச்சாடி!

இந்தா, இந்த ஹுவாய் மரந்தான். இங்கதான் நீ தப்பா திரும்பியிருக்க. ஆமா, பலகையில லாட்ஜ் பேருதான் எழுதியிருக்கு, அம்பு பின்சந்தத்தான் காட்டுது. உன்மேல தப்பில்ல. யாரும் சரி பண்ண மாட்டாங்களாவா? பண்றாங்கம்மா. தினம் பொழுது சாஞ்சா சரி பண்றாங்க. மறுநாளு மறுபடி திரும்பிக்கும். பேசிட்டே நிக்காத, நட.

வந்தாச்சு. அந்தச் செவப்புக் கதவுதான். மணி? பதினொண்ணு நாப்பதா. அப்பாடா.

நான் வரலம்மா. இந்தப் படி வரைக்குந்தான். இந்தத் தூக்கப் பிடி. ரெண்டு கையாலயும் பிடி, சூடா இருக்கும். உள்ள நேரா போகாத, எதுக்க மறைப்புச் செவுரு இருக்கும், எடப்பக்கமா சுத்திப் போ. அவகிட்ட நேரா குடு, வேலைக்காரங்ககிட்ட குடுக்காத. யாரு குடுத்தான்னு சொல்லணுமாவா? வேணாம். தூக்கு அவளுக்குத் தெரியும். பன்னெண்டுக்குள்ள ஒரு வாயாவது சாப்பிடச் சொல்லு. நீயும் ஒரு கிண்ணம் குடி, ஒடம்பு சூடாகும்.

நீங்களே வந்து குடுத்தா என்னன்னு கேக்கறியே, சொல்றேன். சும்மா வந்து இந்த வாசல்ல நின்னா மானம் போயிடாதா? பாரு, கெழவி படியிறங்கி வந்துட்டான்னு அந்தத் தோவே பாட்டுப் பாடிடுவாரு. வழி தெரியாத பிள்ளைங்களக் கொண்டு வந்து விடறதுன்னா யாரு என்ன சொல்ல முடியும்? வந்தா அவ இருமற சத்தமாவது கேக்கும். அதான், தினம் காலைல ஊதுபத்தி ஏத்திட்டு நேரா அந்த மரத்துக்குப் போயி பலகையத் திருப்பி விட்டுருவேன். நான்தான். உன்னையும் சேத்து எத்தன பேர அலைய விட்டிருக்கேனோ, சாமி மன்னிக்கணும்.

குளிர் வந்ததுலேருந்து அந்தப் பலகைய மாட்டியிருக்கற ஆணி துருப்பிடிச்சுப் போச்சு. நேத்து வரைக்கும் திருப்பினா தெருவுக்கே கேக்கற மாதிரி கிறீச்சுங்கும், வெரலெல்லாம் வலிக்கும். இன்னைக்குக் காலைல கைய வெக்கறேன், சத்தமே இல்ல. வெண்ணெ மாதிரி திரும்பிடுச்சு. பாத்தா எண்ணெய். மோந்து பாரு என் வெரல, இன்னும் வாசன போகல. தையல் மெஷினுக்கு விடற எண்ணெய்ம்மா அது. அந்த மெஷின் டிராயர்லதான் டப்பா இருக்கும்.

சரி போ, கஞ்சி ஆறுது. படிய மிதிக்காத, தாண்டிப் போ.

கதவ மட்டும் சாத்தாத.