மூணாவது ரிசீவர்

மார்லிஸ்: ...படகு தானாத் திரும்புதே, ஆர்விட். மோட்டாரைப் போடட்டுமா?

ஆர்விட்: வேணாம், மிதக்கட்டும். நீ போன்ல அந்த ஆட்டக்காரனுங்க பட்டியலப் படி. நம்ம முறை வந்துருச்சா?

மார்லிஸ்: வந்துருச்சு. ஆள எடுக்க ஒன்றரை நிமிஷம்தான். நீயே பாரேன்...

ஆர்விட்: ஏரி வெயிலு கூசுதுடி. படி, படி.

மார்லிஸ்: நல்ல கூத்து! நிஜமா அமெரிக்கன் ஃபுட்பால் ஆடறவனுங்கள நீங்க எட்டு பேரும் போன்ல பங்கு போட்டுக்குவீங்க. அவன் பந்தப் பிடிச்சா உங்களுக்குப் புள்ளி. கல்யாணமாகி நாப்பது வருஷத்துல என்னை ஒருநாளாவது பக்கத்துல உக்கார வெச்சு...

ஆர்விட்: அடியேய், நேரம் ஓடுது! மில்லுல எங்கூட வேலை செஞ்ச பசங்க ஏழு பேரும் காத்துட்டு இருப்பானுங்க. பந்து பிடிக்கற ரிசீவர் ரெண்டு பேர எடுத்தாச்சு. மூணாவதுக்கு யாரு மிச்சம்?

மார்லிஸ்: க்வில்... ராலி... டோபின் மேஸ்.

ஆர்விட்: க்வில்லைப் போடு. போன வருஷம் புள்ளியாக் கொட்டுனான்.

மார்லிஸ்: வேணாம்யா. அவனுக்குப் பந்து எறியறவன் வேற டீமுக்குப் போயிட்டான். மேஸை எடு.

ஆர்விட்: மேஸா? எவன் அவன்?

மார்லிஸ்: ஒல்லியா, நெட்டையா இருப்பான். நேரா ஓடுவான்... திடீர்னு ஒரு நொடி தயங்குவான், எதையோ மறந்துட்ட மாதிரி. தடுக்க வர்றவனும் நின்னுடுவான். இவன் இடப்பக்கமா நழுவிடுவான். பந்து மேலேருந்து மெதுவா இறங்கும்... திரும்பிப் பாக்காமலே கையை நீட்டுவான். கொக்கு தண்ணியில இறங்குமே, அப்படி...

ஆர்விட்: தெரியுது... அப்படியே தெரியுதுடி. சரி, அவனையே அமுக்கு.

மார்லிஸ்: அமுக்கிட்டேன்.

ஆர்விட்: ஆமா... ஆட்டம்னாலே கொட்டாவி விடுவியே. இதெல்லாம் எப்படி?

மார்லிஸ்: சும்மாதான்...

ஆர்விட்: மார்லிஸ்... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். வெயிலு கூசுதுன்னது பொய். எதைப் பாத்தாலும் நடுவுல கலங்கலா... உன் முகத்தக்கூட ஓரமாத்தான் பாக்க முடியுது. போன பார்வை திரும்பாதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க.

மார்லிஸ்: தெரியும்யா. ஜூன்ல ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குத்தான் போன் வந்துச்சு, நீ மீன் பிடிக்கப் போயிருந்தே. அன்னையிலேருந்து மத்தியானம் நீ கண்ணசந்ததும், போன வருஷ ஆட்டத்தையெல்லாம் சத்தமில்லாம ஓட்டிப் பாத்துட்டு இருக்கேன்... செப்டம்பர்ல ஆட்டம் ஆரம்பிச்சா, உன் பக்கத்துல உக்காந்து சொல்ல ஆள் வேணும்ல?