காய்ச்சல் இல்லாதவருக்கு மலேரியா மாத்திரை

தலைமையேற்றிருக்கும் தமிழாசிரியர் ஞானையா அவர்களே, சேலையூர் கேம்ப் ரோட்டில் தோல் மருத்துவம் பார்க்கும், இந்தப் பாராட்டு விழாவின் நாயகி டாக்டர் அமலராணி அவர்களே, தாம்பரத்தில் ரயிலிறங்கி நேராக இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, வணக்கம்.

செய்தியை முதலில் சொல்வது பத்திரிகைக்காரன் பழக்கம். அனகாபுத்தூர் நெசவாளி கங்கையம்மாளின் விழித்திரையில் பழுதில்லை. இன்று காலை பரிசோதித்த கண் மருத்துவரே சொன்னது. கங்கையம்மாளைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

தோல் மருத்துவருக்கு விழா. கண்ணைப் பற்றி ஏன் பேச்சு? கேளுங்கள்.

போன வருஷம், தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடை. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டி வெயிலில் நின்ற கங்கையம்மாளின் கன்னம் சிவந்தது, தடித்தது, செதில் உதிர்த்தது. பெருநோய், குஷ்டம் என்று தெரு பேசியது. பாவு பிடிக்க அழைத்தவர்கள் அழைக்காமல் போனார்கள். டாக்டர் பார்த்தார். தொற்றாது என்றார், உடம்பின் காவலே தன் தோலைத் தாக்கும் நோய் என்றார், மாத்திரை எழுதினார். எந்த மாத்திரை? வீடு வீடாக மலேரியாக்காரர் கொடுப்பாரே, நாக்கில் கசக்குமே, அதே மாத்திரை!

மலேரியாவைப் பலமுறை கண்ட வீடு அது. மலேரியாவுக்குப் போடுகிற பழக்கத்திலேயே, நாலும் நாலும் இரண்டுமாக, மூன்று நாளில் முழுங்கி முடித்துவிட்டார் கங்கையம்மாள். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

"ஜுரமும் இல்ல, மூஞ்சியும் ஆறல. இன்னா மாத்திர இது?" என்று வந்து நின்றார்.

டாக்டர் கோபித்தாரா? இல்லை. "மலேரியாவுக்கு அது ஓட்டம், இதுக்கு நடை. தினம் ஒண்ணுக்கு மேல தொடாதீங்கம்மா. மாசக்கணக்குல ஆகும்."

கணவர் துளசிங்கம் அங்கேதான் குறுக்கிட்டார். "ரொம்ப நாள் சாப்ட்டா கண்ணு பூடும்ன்றாங்க மேடம். கண்ணு பூட்டா தறியில குந்திகினு இவ இன்னா பண்ணுவா?"

முகமா, கண்ணா? அந்த அறையில் நின்ற கேள்வி அது. மழுப்பினாரா மருத்துவர்?

"அந்த பயம் எனக்கும் இருக்கு. கண் டாக்டரைப் பாத்துட்டு வாங்க. கண்ணைக் காட்டாம வந்தா, நான் மாத்திரை எழுத மாட்டேன்."

அங்கே ஒரு நண்பர், தனக்கும் படை இருக்கிறது, மாத்திரையின் பெயர் என்ன என்கிறார். ஐயா, சொன்னால் நாளைக் காலை மெடிக்கல் ஷாப்பில் நிற்பீர்கள். டாக்டரிடம் போங்கள்.

கொசுக் காய்ச்சலுக்கு வந்த மருந்தைக் கன்னத்துக்குக் கொண்டுவந்த அறிவு, உலகத்து மருத்துவர்கள் பலருடையது. அதை அனகாபுத்தூர்ச் சந்துக்குக் கொண்டுவந்து, கண்ணையும் காத்த கவனம் இவருடையது. அறிவைப் போற்றுவோம், அந்தக் கவனத்தைக் கைதட்டிப் போற்றுவோம்!

கண்ணைக் காட்டிவிட்டு, தினம் ஒன்றாகப் போட்டுவந்தார் கங்கையம்மாள். செதில் நின்றது, சிவப்பு தணிந்தது. போன வாரம், பாவு பிடிக்க அழைப்பு வந்தது. வெயில் ஏறுமுன் முக்காட்டோடு போய் வந்தார்.

தழும்பு முழுதும் மறையுமா? மாத்திரை குறையுமா? இன்னும் தெரியாது. ஜூன் மாதக் கண் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் சொல்வார். இருந்து கேட்ட எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது வரிசைக்குத் தனியாக ஒரு வணக்கம்.